வானத்தில் பூக்கும் பூவுக்குள் என்ன இருக்கிறது?



புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் நீங்கள் ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம் நின்றதுண்டா? சேலைக் கடைகள் மூடிவிட்டிருக்கும். ஆனாலும் சாலையில் கூட்டம் குறையாது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு எல்லாத் தலைகளும் கே.எல்.சி.சி. இருக்கும் வடகிழக்குப் பக்கம் திரும்பும். கட்டடங்களுக்கு மேலே முதலில் ஒரு சிவப்புப் பூ விரியும். சத்தமே இருக்காது. "ஒன்று, இரண்டு, மூன்று..." என்று எண்ணிக்கொண்டே இருந்தால், ஐந்தைத் தாண்டிய பிறகுதான் "டும்" என்று கேட்கும். அதற்குள் அந்தப் பூ உதிர்ந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், இரண்டாம் படிவத்தில் படித்த ஒரு மாணவன் விடுமுறை முடிந்து வந்ததும் என்னிடம் கேட்டான்: "சார், வாணவேடிக்கையில பச்சை நிறம் எப்படி வருது?" நான் வேறொரு வகுப்புக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தேன். "பேரியம்" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். நான் சொன்னது சரியான பதில்தான், ஆனால் பாதி பதில். மீதிப் பாதியைச் சொல்லாததன் விளைவைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். முதலில் அவன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

குண்டின் வயிற்றுக்குள்

பெரிய விழாக்களில் வானில் விரியும் ஒவ்வொரு பூவும் ஒரு குண்டிலிருந்து வருகிறது. ஆங்கிலத்தில் இதை 'ஷெல்' என்பார்கள். நாம் வாணக்குண்டு என்று சொல்லலாம். தடித்த காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த உருண்டை அது. சில நாடுகளில் உருண்டைக்குப் பதிலாக உருளை வடிவிலும் செய்கிறார்கள்.

அதன் வயிற்றுக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, கோலிக்குண்டு போன்ற சிறு சிறு உருண்டைகள். இவற்றுக்கு 'நட்சத்திரங்கள்' என்று பெயர். வானில் நாம் காணும் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் எரிந்துகொண்டிருக்கும் ஒரு நட்சத்திரமே. இரண்டாவது, குண்டை உடைத்து நட்சத்திரங்களை நாலாபக்கமும் எறிகின்ற வெடிமருந்து. குண்டின் அடியில், வெளிப்பக்கமாக, இன்னொரு மருந்துப் பொட்டலம் இருக்கும். அதுதான் குண்டை மேலே தூக்கும் உந்து மருந்து.

குண்டை, ஒரு பக்கம் மூடிய நீண்ட குழாய்க்குள் இறக்குவார்கள். உந்து மருந்து எரிந்ததும் அதிலிருந்து வரும் சூடான வாயு குண்டை மேலே தள்ளும். அதே நெருப்பு குண்டில் பொருத்தியிருக்கும் தாமதத் திரியையும் பற்றவைக்கும். குண்டு ஏற ஏறத் திரி உள்நோக்கி எரியும். திரி தீரும் நேரத்தில் குண்டு உச்சியில் இருக்க வேண்டும். திரியின் நீளத்தைக் கணக்கிடுவதில்தான் கைத்திறன் இருக்கிறது.

உச்சியில்தான் வெடிக்க வேண்டும், ஏன்?

மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்பது போலத் தோன்றும். அந்தக் கணத்தில் அதன் செங்குத்து வேகம் சுழியம். குண்டு அங்கே வெடித்தால் நட்சத்திரங்கள் எல்லாத் திசைகளிலும் ஒரே வேகத்தில் பறக்கும். ஆகவே பூ உருண்டையாக, சீராக விரியும். ஏறும்போதே வெடித்துவிட்டால், குண்டின் மேல்நோக்கிய வேகம் எல்லா நட்சத்திரங்களோடும் சேர்ந்துகொண்டு, பூ முழுவதுமே மேலே நகரும். தாமதமாக வெடித்தால் பூ கீழே சரியும். அடுத்த முறை கவனியுங்கள். இரண்டையும் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

எவ்வளவு உயரம் போகும்? இத்தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. குண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 30 மீட்டர் உயரம். மூன்று அங்குலக் குண்டு சுமார் 90 மீட்டரும், ஆறு அங்குலக் குண்டு சுமார் 180 மீட்டரும் ஏறும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். ஆக, ஆறு அங்குலக் குண்டு கோபுரத்தின் பாதி உயரத்தைக்கூட எட்டாது.

இப்போது உங்கள் இயற்பியல் பாடத்தை வெளியே எடுங்கள். காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டு, g = 10 மீ/நொடி² என்று வைத்துக்கொள்வோம். 180 மீட்டர் ஏற வேண்டுமானால், v² = 2gh = 2 × 10 × 180 = 3600. ஆகவே v = 60 மீ/நொடி, அதாவது மணிக்கு 216 கிலோமீட்டர். உச்சியை அடைய 6 நொடி ஆகும். உண்மையில் காற்று குண்டை இழுத்துப் பிடிப்பதால், குழாயை விட்டு இதைவிட வேகமாகவே கிளம்ப வேண்டும். அப்படிப்பட்ட குழாய்க்கு நேர்மேலே முகத்தை நீட்டினால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஒரே குண்டு, பல பூக்கள்

வாணக்குண்டுகளுக்குப் பூக்களின் பெயரும் மரங்களின் பெயரும் வைத்திருக்கிறார்கள். பெயர்கள் பல இருந்தாலும் வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: நட்சத்திரம் எவ்வளவு நேரம் எரிகிறது, போகிற வழியில் பொறிகளை விட்டுச்செல்கிறதா இல்லையா.

பியோனி: இதுதான் அதிகம் காணப்படும் வகை. நட்சத்திரங்கள் வால் இல்லாமல், நிறப்புள்ளிகளாக மட்டும் பறக்கும். கீழே வளையத் தொடங்கும் முன்பே அணைந்துவிடும். ஆகவே கடைசிவரை உருண்டையாகவே தெரியும்.

செவ்வந்தி: பியோனி போன்றதே. ஆனால் ஒவ்வொரு நட்சத்திரமும் பின்னால் பொறிகளைச் சிந்திக்கொண்டே போகும். ஆகவே மையத்திலிருந்து கோடுகள் கிளம்பி, செவ்வந்திப் பூவின் மெல்லிய இதழ்கள் போல விரியும். ஜப்பானியர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பெயரிட்டு அழைக்கிறார்கள்: வால் உள்ளது 'கிகு', வால் இல்லாதது 'போத்தான்'.

வில்லோ: இது தொங்கும் கிளைகளைக் கொண்ட ஒரு மரத்தின் பெயர். இதன் நட்சத்திரங்களில் கரித்தூள் அதிகம். அவை மெதுவாக, நீண்ட நேரம் எரியும். ஆகவே புவியீர்ப்பு தன் வேலையைச் செய்ய நேரம் கிடைக்கிறது. பொன்னிற இழைகள் வளைந்து தரையை நோக்கி இறங்கும். கூட்டத்தில் "ஆ..." என்ற சத்தம் நீண்டு கேட்பது இதற்குத்தான்.

பனை: இதில் நட்சத்திரங்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரியது. தடித்த வாலுடன் அவை வளைந்து விழும்போது பனை மட்டைகளோ தென்னை மட்டைகளோ போலத் தெரியும். குண்டு ஏறும்போதே பொறிகள் சிந்தினால் அடிமரமும் கிடைத்துவிடும்.

குரொசெட்: பறக்கும் நட்சத்திரம் ஒவ்வொன்றும் நடுவழியில் மீண்டும் வெடித்து, பெரும்பாலும் நான்காகப் பிரியும். வானத்தில் கூட்டல் குறிகளைப் போட்டதுபோல இருக்கும்.

வளையமும் இதயமும்: நட்சத்திரங்களைக் குண்டுக்குள் எந்த வடிவில் அடுக்குகிறார்களோ, அந்த வடிவம் பெரிதாகி வானில் தெரியும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பியோனி ஓர் உருண்டை. கம்போங் பாருவிலிருந்து பார்த்தாலும் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து பார்த்தாலும் அது வட்டமாகவே தெரியும். வளையமோ தட்டையானது. பக்கவாட்டில் பார்ப்பவருக்கு அது வெறும் கோடு. குண்டு சுழன்றுகொண்டே ஏறுவதால் இதயம் தலைகீழாகவும் வெடிக்கலாம். அதனால்தான் இத்தகைய குண்டுகளை ஒன்றாக விடாமல் மூன்று நான்காக விடுகிறார்கள். ஒன்றாவது நம் பக்கம் திரும்பாமலா போகும்?

சல்யூட்: இதில் நட்சத்திரங்களே இல்லை. கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளியும் நெஞ்சை அதிரவைக்கும் வெடிச்சத்தமும் மட்டுமே. மொத்த நிகழ்ச்சிக்கும் முற்றுப்புள்ளி வைப்பது பெரும்பாலும் இதுதான்.

இடையில் நிறம் மாறும் பூக்களையும் பார்த்திருப்பீர்கள். அதன் இரகசியம் அடுக்குகளில் இருக்கிறது. நட்சத்திரத்தை அடுக்கடுக்காகச் செய்திருப்பார்கள். வெளி அடுக்கு சிவப்பாக எரிந்து தீர்ந்ததும் உள் அடுக்கு பச்சையாக எரியத் தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை: படங்களை நம்பி வகை சொல்லாதீர்கள். கேமராவின் மூடியைச் சில நொடி திறந்து வைத்துப் படம் எடுத்தால், வாலில்லாத பியோனியின் புள்ளிகளும் கோடுகளாகப் பதிவாகி, செவ்வந்தி போலத் தெரியும். இந்த விஷயத்தில் உங்கள் கண்தான் நல்ல சாட்சி.

பூ ஏன் பட்டென்று நின்றுவிடுகிறது?

பூ மிக வேகமாக விரிந்து, பிறகு ஓரளவில் நின்றுவிடுவது போலத் தோன்றும். காரணம் காற்றுத் தடை. வேகம் இரண்டு மடங்கானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே சிறிய, இலேசான நட்சத்திரங்கள் கிளம்பிய சில கணங்களிலேயே பெரும்பகுதி வேகத்தை இழந்துவிடுகின்றன. எரிய எரிய அவற்றின் எடையும் குறைகிறது. தடை இன்னும் எளிதாக வென்றுவிடுகிறது.

காற்றே இல்லாத உலகில் என்ன நடக்கும்? எல்லா நட்சத்திரங்களும் ஒரே முடுக்கத்தில் விழும். ஆகவே பூ விரிந்துகொண்டே, உருண்டை வடிவம் குலையாமல், முழுதாகக் கீழே இறங்கும். கலிலியோ இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் அங்கே சத்தம் கேட்காது!

நிறம் எங்கிருந்து வருகிறது?

அடுப்பில் சோறு கொதித்து, உப்பு கலந்த நீர் தீயில் சிந்தினால் நீலத் தீ மஞ்சளாக மாறுவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். உப்பில் உள்ள சோடியத்தின் வேலை அது. தீயின் வெப்பத்தில் சோடியம் அணுவின் எலெக்ட்ரான் மேல் ஆற்றல் நிலைக்குத் தாவுகிறது. திரும்பிக் கீழே வரும்போது, தான் பெற்ற ஆற்றலை ஒளியாக வெளியிடுகிறது. அந்த ஒளியின் அலைநீளம் சுமார் 589 நானோமீட்டர். நம் கண்ணுக்கு அது மஞ்சள்.

ஒவ்வொரு தனிமத்துக்கும் ஆற்றல் நிலைகள் வேறு வேறு. ஆகவே ஒளியும் வேறு. ஸ்ட்ரோன்ஷியம் சேர்மங்கள் சிவப்பு, கால்சியம் ஆரஞ்சு, சோடியம் மஞ்சள், பேரியம் பச்சை, செம்பு நீலம். சிவப்போடு நீலம் சேர்ந்தால் ஊதா. வெள்ளைக்கும் பொன்னிறத்துக்கும் வழி வேறு. அவை சூடான திடப்பொருள் வெளியிடும் ஒளி. மெக்னீசியமும் அலுமினியமும் மிகுந்த வெப்பத்தில் எரிவதால் வெள்ளை. கரித்துகள் அதைவிடக் குறைந்த வெப்பத்தில் கனல்வதால் பொன்னிறம்.

பழங்காலத்து வாணவேடிக்கை இவ்வளவு நிறங்களோடு இருக்கவில்லை. கருமருந்தை மட்டும் நம்பியிருந்த காலத்தில் பொன்னிறமும் வெண்மையும்தான் பெரும்பாலும் கிடைத்தன. 1780களில் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தொல்லே பொட்டாசியம் குளோரேட்டைத் தயாரித்தார். அதைப் பயன்படுத்தத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டில்தான் அடர்ந்த சிவப்பும் பச்சையும் வானத்துக்கு வந்தன.

இன்றும் கைக்கு எளிதில் அகப்படாத நிறம் நீலம். நீலத்தைத் தருவது செம்பும் குளோரினும் சேர்ந்த ஒரு மூலக்கூறு. தீயின் வெப்பம் குறைந்தால் அது போதிய ஒளி தராது. கூடினால் அது உடைந்துபோகும். இந்தக் குறுகிய இடைவெளிக்குள் வெப்பத்தை நிறுத்துவது கடினம். அடுத்த முறை நல்ல அடர்நீலப் பூ ஒன்றைப் பார்த்தால், அதைச் செய்தவருக்கு இரண்டு கைதட்டு கூடுதலாகக் கொடுங்கள்.

பெரிய குண்டுகள் என்றால் ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில் உள்ள கத்தாக்காய் என்ற ஊரையும் சொல்ல வேண்டும். அங்கு விழாவில் விடப்படும் பெரிய குண்டின் விட்டம் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர். எடை சுமார் 420 கிலோகிராம். வானில் அதன் பூ சுமார் 800 மீட்டர் அகலத்துக்கு விரிகிறது. நம் நாட்டிலும் 2007இல் புத்ராஜெயாவில் அனைத்துலக வாணவேடிக்கைப் போட்டி நடந்தது. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். அம்மா அப்பாவைக் கேட்டுப் பாருங்கள்.

மீதிப் பாதி

இப்போது அந்த மாணவனிடம் திரும்புவோம்.

என் பதிலைக் கேட்டுச் சென்ற அவன், அந்த ஆண்டு தீபாவளிக்குக் கடையில் வாங்கிய பட்டாசுகளைப் பிரித்து, மருந்தை ஒரு டின்னில் சேர்த்தான். பச்சை நிறம் வரும் என்று நினைத்தான். அதைக் குச்சியால் இறுக்கி அடைத்தபோது வெடித்தது. நெருப்பே வைக்கவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. சில மாதங்கள் கழித்துப் பள்ளிக்கு வந்தவன், இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "பச்சை வரல சார்."

அவனுக்கு நான் சொல்லாமல் விட்டது இதுதான்.

விறகு எரிவதற்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் வேண்டும். மூடினால் அணைந்துவிடும். வெடிமருந்து அப்படியல்ல. எரிபொருளும் ஆக்சிஜன் தரும் பொருளும் அதிலேயே கலந்திருக்கின்றன. ஆகவே மூடினாலும் மண்ணைப் போட்டாலும் அது அணையாது. திறந்த இடத்தில் 'புஸ்' என்று எரிந்து போகும் அதே மருந்தை ஒரு டின்னில் அடைத்தால், வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடி, டின்னே குண்டாகிவிடும். அதைப் பற்றவைக்கத் தீக்குச்சி வேண்டுமென்பதில்லை. சில கலவைகளுக்கு உரசல் போதும், தட்டல் போதும், உடையிலிருந்து தாவும் நிலைமின்சாரப் பொறி போதும். பல ஆண்டு பயிற்சி பெற்றவர்கள் பருத்தி உடை அணிந்து, தனித்தனி அறைகளில், சிறு சிறு அளவாகக் கையாள்வது அதனால்தான்.

அப்படியும் விபத்துகள் நடக்கின்றன. 1991ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. 26 பேர் இறந்தனர்; நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அருகிலிருந்த வீடுகளின் கூரைகள் பறந்தன. கேரளாவின் பரவூர் கோயிலில் 2016 ஏப்ரல் 10ஆம் தேதி வாணவேடிக்கையின்போது நடந்த விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே இருந்தவர்களில் பலர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வெடிபொருள் தயாரிப்பது 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி குற்றம். சட்டம் நம் மகிழ்ச்சியைக் கெடுக்க வந்ததல்ல. நம் விரல்களைக் காக்க வந்தது.

வீட்டில் சிறுவர்கள் பிடிக்கும் கம்பி மத்தாப்புகூட விளையாட்டல்ல. அதன் நுனியில் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எரிந்து முடிந்த கம்பியை உடனே நீருள்ள வாளியில் போடுங்கள். வெடிக்காமல் போன பட்டாசின் அருகே குனிந்து பார்க்காதீர்கள்.

பச்சைக்குக் காரணமான பேரியத்துக்கும் இன்னொரு பக்கம் உண்டு. எரிந்தபின் அதன் சேர்மங்கள் புகையோடு காற்றில் கலந்து நம் மூச்சுக்குள் போகின்றன. 2018ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. சிவகாசியில் பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். காற்றும் வேண்டும், பிழைப்பும் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க, புகை குறைந்த பட்டாசுகளை அந்நாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கி வருகிறார்கள். நச்சு இல்லாத நல்ல பச்சையைக் கண்டுபிடிப்பது இன்னும் முடியாத வேலை. உங்களில் ஒருவர் ஒருநாள் முறையான ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்யலாம்.

அடுத்த முறை பார்க்கும்போது

மருந்தைத் தொடாமலே வாணவேடிக்கையிலிருந்து கற்க நிறைய இருக்கிறது. கைக்கடிகாரமும் ஒரு சிறு குறிப்பேடும் போதும்.

1. ஒளி தெரிந்ததும் எண்ணத் தொடங்கி, சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். நம் ஊர் வெப்பநிலையில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும். நொடிகளை 350ஆல் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். மஸ்ஜித் இந்தியாவிலிருந்து கே.எல்.சி.சி. நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர், ஆகவே ஐந்தரை நொடி அளவில் வர வேண்டும். பக்கத்திலுள்ள டத்தாரான் மெர்டேக்காவில் வெடித்தால் எத்தனை நொடி ஆகும்? கணக்கிடுங்கள்.

2. குண்டு கிளம்பியது முதல் வெடிப்பது வரை எத்தனை நொடி என்று குறியுங்கள்.

3. ஒவ்வொரு பூவுக்கும் வகை, நிறம், அந்த நிறத்துக்குரிய தனிமம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பத்துப் பூக்களில் எத்தனை நீலம் என்று எண்ணுங்கள்.

4. சரியாக உச்சியில் வெடிக்காத ஒரு குண்டையாவது கண்டுபிடியுங்கள்.

அந்த மாணவன் இப்போது கிள்ளானில் ஒரு தொழிற்கல்லூரியில் படிக்கிறான். அவனிடம் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதினேன். "பேரு மட்டும் போடாதீங்க சார். மத்தது எல்லாத்தையும் எழுதுங்க" என்றான். எழுதிவிட்டேன். இனி யாராவது என்னிடம் "பச்சை எப்படி வருது சார்?" என்று கேட்டால், அடுத்த வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமானாலும் முழுப் பதிலையும் சொல்லிவிட்டுத்தான் போவேன். நீங்களும் உங்கள் ஆசிரியரைப் பாதி பதிலோடு போக விடாதீர்கள்.